ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கதைகளை வகுப்பறையில் சொல்வது எப்படி? புதிய ஆசிரியருக்கான செய்முறை

பூர்வகுடிக் கதை ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்லப் போகிறீர்கள் என்றால், முதலில் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய கதை? கதை சுவையாக இருக்கிறதா, எத்தனை நிமிடம் பிடிக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய 1788இல் ஆஸ்திரேலியாவில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. அவற்றைப் பேசிய மக்கள் ஒவ்வொருவருக்கும் தங்கள் மண்ணும் சட்டமும் கதைகளும் உண்டு. எந்தக் கதையை யார் சொல்லலாம், யாருக்குச் சொல்லலாம் என்பதற்கும் அங்கே முறை இருக்கிறது. இந்த முறையை மதித்துப் பாடம் நடத்துவது கடினமான வேலை இல்லை. கொஞ்சம் முன்தயாரிப்பு போதும்.

மெல்பர்ன், சிட்னி போன்ற நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பாடம் எடுப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற ஊர் ஆசிரியர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகள், முக்கால் மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்கு, விக்டோரியா மாநிலத்தின் கிழக்கே கிப்ஸ்லாந்து பகுதியின் குனாய்குர்னாய் மக்கள் சொல்லும் டிட்டாலிக் என்ற தவளையின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வரைபடத்தை விரியுங்கள்

பூர்வகுடி ஆஸ்திரேலியாவின் மொழிப் பகுதிகளைக் காட்டும் வண்ண வரைபடம் ஒன்றை, கான்பெராவில் உள்ள பூர்வகுடி மற்றும் டோரஸ் நீரிணைத் தீவினர் ஆய்வு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் முதலில் உங்கள் பள்ளி நிற்கும் இடத்தைத் தேடுங்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த மேற்குச் சிட்னியின் வென்ட்வர்த்வில், டூங்காபி பகுதிகள் தாருக் மக்களின் மண்ணில் இருக்கின்றன. மெல்பர்ன் நகரம் உருண்ட்ஜெரி, பூனுரங் மக்களின் மண். அடுத்து, கதை பிறந்த இடத்தைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை மக்களின் நிலம் இருக்கிறது என்று குழந்தைகளே விரலால் எண்ணிப் பார்க்கட்டும். "ஆஸ்திரேலியப் பழங்குடிக் கதை" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பது அவர்களுக்கு அப்போதே விளங்கிவிடும். எல்லைகள் துல்லியமானவை அல்ல என்று அந்த வரைபடமே குறிப்பிடுகிறது. அதையும் சொல்லிவிடுங்கள்.

படி 2: நூலைத் தேர்ந்தெடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நூலைக் கையில் எடுத்ததும் மூன்று விவரங்களைத் தேடுங்கள். கதை எந்த மக்களுடையது என்று அச்சாகியிருக்கிறதா? எழுதியவர் அந்த மக்களைச் சேர்ந்தவரா, இல்லையென்றால் அவர்களுடைய மூத்தோரின் அனுமதி பற்றிய குறிப்பு இருக்கிறதா? படம் வரைந்தவர் யார்? மூன்றுக்கும் விடை இல்லாத நூலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இவ்வளவு கறார் எதற்கு என்று யாராவது கேட்டால் டேவிட் யூனைப்பனின் வரலாற்றைச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் ஐம்பது டாலர் நோட்டில் இருக்கும் முகம் அவருடையது. தென் ஆஸ்திரேலியாவின் நாரின்ட்ஜெரி மக்களைச் சேர்ந்த எழுத்தாளர், கண்டுபிடிப்பாளர். 1920களில் ஊர் ஊராகச் சென்று கதைகளைத் திரட்டி எழுதினார். அந்தக் கையெழுத்துப் படிகள் வில்லியம் ராம்சே ஸ்மித் என்ற மருத்துவரின் கைக்குப் போயின. 1930இல் லண்டனில் நூலாக வெளிவந்தபோது, ஆசிரியர் பெயர் ராம்சே ஸ்மித் என்றிருந்தது. யூனைப்பனின் பெயர் எங்கும் இல்லை. அவர் 1967இல் காலமானார். அவர் எழுதியது அவர் பெயரிலேயே மெல்பர்ன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளிவர 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தச் செய்தியைக் குழந்தைகளிடமே சொல்லலாம். "நீ எழுதிய கட்டுரையின் கீழ் வேறொருவர் பெயர் போட்டால் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இந்த அநியாயம் உடனே புரியும்.

நம்பி எடுக்கக்கூடிய நூல்கள் நிறைய இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரிலிருந்து 1987 முதல் இயங்கும் மகபாலா பதிப்பகம் பூர்வகுடியினருக்கே சொந்தமானது. குழந்தை நூல்களுக்குப் பெயர் பெற்றது. மார்னிங்டன் தீவின் லார்டில் மக்களைச் சேர்ந்த டிக் ரஃப்சி எழுதி வரைந்த வானவில் பாம்பின் கதை 1975இல் வந்தது. இன்றும் பள்ளி நூலகங்களில் கிடைக்கிறது. சிட்னியில் இருப்பவர்கள் தாருக் மண்ணைப் பற்றி ஜாஸ்மின் சீமோரும் லியான் மல்கோ வாட்சனும் உருவாக்கிய 'கூயீ மிட்டிகர்' நூலிலிருந்து தொடங்கலாம். தன் வீட்டு வாசலில் இருக்கும் மண்ணின் கதை குழந்தையின் மனத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் ஆசிரியர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் குமரிக்கண்டத்திலிருந்து போன தமிழர்களே என்ற பேச்சு நம் சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றுகிறது. அதை வகுப்புக்குள் விடாதீர்கள். இம்மக்கள் குறைந்தது 50,000 ஆண்டுகளாக அந்த மண்ணில் வாழ்கிறார்கள். மண்ணையும் மொழியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்களிடம், உங்கள் தொடக்கமும் எங்களுடையதுதான் என்று சொல்வது உறவு கொண்டாடுவதாகாது. அது இன்னொரு பறிப்பு.

படி 3: வீட்டில் தயாராகுங்கள்

கதையை வாய்விட்டு இரண்டு மூன்று முறை படியுங்கள். பெயர்களின் உச்சரிப்பை அந்த மக்களே பேசும் காணொளிகளில் கேட்டுப் பழகுங்கள். அத்தகைய காணொளிகளின் தொடக்கத்தில், இறந்தவர்களின் உருவமும் குரலும் இதில் இருக்கலாம் என்ற எச்சரிக்கை பெரும்பாலும் வரும். வகுப்பில் போட்டுக்காட்டும்போது அதைத் தாண்டிவிடாமல் முழுவதும் ஓட விடுங்கள். இறந்தவரின் பெயரையும் உருவத்தையும் குறிப்பிட்ட காலம் தவிர்ப்பது பல பூர்வகுடி மக்களின் துக்க வழக்கம்.

கிப்ஸ்லாந்து பற்றியும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வடக்கே மலைகள், தெற்கே கடல். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கடலோரப் பெரிய ஏரிகளில் கலக்கின்றன. தவளையின் வயிற்றில் தண்ணீர் அடங்கிப்போன கதை இந்த நீர்வளம் மிக்க மண்ணில் சொல்லப்படுகிறது என்று தெரிந்தால், நீங்கள் சொல்லும் விதமே மாறிவிடும்.

படி 4: மண்ணுக்கு உரியோரை நினைவுகூருங்கள்

வகுப்பின் தொடக்கத்தில், நாம் கூடியிருக்கும் மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்களையும் அவர்களுடைய மூத்தோரையும் பெயர் சொல்லி மதிப்புத் தெரிவிக்கும் வழக்கம் ஆஸ்திரேலியா முழுவதும் உண்டு. இதை யாரும் செய்யலாம். "எங்கள் மண்ணுக்கு வருக" என்று வரவேற்கும் உரிமை மட்டும் அந்த மண்ணுக்கு உரிய மக்களுக்கே உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தமிழிலேயே இரண்டு வரி எழுதி, வாரம் ஒரு குழந்தையைப் படிக்கச் சொல்லலாம்.

படி 5: கதையைச் சொல்லுங்கள்

மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வட்டமாக உட்காருங்கள். யார் சொன்ன கதை, எந்த நூலில் படித்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு நூலைப் பார்க்காமல் கதையைச் சொல்லுங்கள். படங்களைக் கடைசியில் காட்டினால் போதும்.

டிட்டாலிக் ஒரு பெரிய தவளை. தாகம் தாங்காமல் குடிக்கத் தொடங்கி, ஆறு, குளம், ஓடை என்று எல்லாத் தண்ணீரையும் குடித்துத் தீர்த்துவிடுகிறது. விலங்குகள் தவித்துப்போகின்றன. அதைச் சிரிக்க வைத்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று முடிவு செய்து ஒவ்வொன்றாக முயல்கின்றன. எதற்கும் டிட்டாலிக் அசையவில்லை. கடைசியில் விலாங்கு நெளிந்து வளைந்து ஆட, தவளை சிரித்துவிடுகிறது. தண்ணீர் பாய்ந்தோடி நிலம் நனைகிறது.

கதையின் நடுப்பகுதியைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். ஒரு குழந்தை கன்னத்தை உப்பிக்கொண்டு டிட்டாலிக்காக உட்காரட்டும். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சிரிக்க வைக்க முயலட்டும். யாரும் தொடக்கூடாது என்பது மட்டும் விதி. வாயைத் திறக்காத கூச்சக்காரக் குழந்தைகளும் இந்த இடத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். விலாங்கின் முறை வரும் வரை டிட்டாலிக் சிரிக்காமல் இருக்க வேண்டும். அது எவ்வளவு கடினம் என்று செய்து பார்க்கும்போதுதான் தெரியும். முகத்தில் வெள்ளை வண்ணம் பூசுவது, சடங்கு நடனம் போல ஆடுவது ஆகியவை வேண்டாம். உடலில் தீட்டும் கோலங்களுக்குக் குலமும் சடங்கும் சார்ந்த பொருள் உண்டு. நமக்கு அதில் உரிமை இல்லை.

மத்திய ஆஸ்திரேலியாவில் பெண்கள் மணலில் கோடுகளும் வட்டங்களும் வரைந்தபடியே கதை சொல்வார்கள். அருமையான கலை அது. ஆனால் பாலைவன மக்களின் மணல் குறிகளைக் கிப்ஸ்லாந்துக் கதைக்குப் பயன்படுத்தினால், முதல் படியில் வரைபடம் காட்டிச் சொல்லிக்கொடுத்தது வீணாகிவிடும்.

படி 6: கேள்விகள் கேளுங்கள், நீதி கேட்காதீர்கள்

"இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்பது நம் பாடநூல்கள் நமக்குள் பதித்துவிட்ட கேள்வி. இங்கே அதைத் தள்ளி வையுங்கள். இந்தக் கதைகள் பல அடுக்குகள் கொண்டவை. குழந்தைக்குச் சொல்வது ஒரு பகுதி. வளர வளர இன்னும் சொல்லப்படும். சில பகுதிகள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும் உரியவை. எனவே நமக்குக் கிடைத்த ஒரு பகுதியை ஒரே வரி நீதியாகச் சுருக்கக்கூடாது.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: தண்ணீர் இல்லாமல் போனபோது முதலில் தவித்தவர் யார்? விலங்குகள் ஏன் டிட்டாலிக்கை அடிக்கப் போகவில்லை? வெளியே வந்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியிருக்கும்? கடைசிக் கேள்விக்கு வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். "எங்கள் ஊரில் ஒருவரே எல்லாத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால்?" என்று ஒரு குழந்தை கேட்டால், வகுப்பு நேரம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்த கதையோடு ஒப்பிடுவார்கள். ஏழு சகோதரிகளான விண்மீன் கூட்டத்தின் கதையைச் சொன்னால் "இது கார்த்திகைப் பெண்கள்!" என்று யாராவது கத்துவார்கள். உண்மைதான், இருவரும் பார்ப்பது அதே விண்மீன் கூட்டத்தை. அந்த மகிழ்ச்சியைத் தடுக்காதீர்கள். ஒற்றுமையைப் பேசிய பிறகு, எங்கே வேறுபடுகிறது என்றும் கேளுங்கள்.

படி 7: கைவேலை

புள்ளி ஓவியம் வரையச் சொல்லாதீர்கள். பலரும் முதலில் செய்வது இதைத்தான். இன்று உலகம் அறிந்த அந்தப் பாணி, மேற்குப் பாலைவனத்துக் கலைஞர்கள் 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பாப்புன்யா குடியிருப்பில் பலகைகளில் தீட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. தென்கிழக்கு மக்களின் மரபு வேறு: கேடயங்களிலும், 'பாசம்' (possum) என்ற சிறு விலங்கின் தோலால் ஆன போர்வைகளிலும் செதுக்கிய கோடுகள். எந்த மரபானாலும் அதை நகலெடுப்பது நம் வேலை இல்லை.

பதிலாக, கதையின் வரைபடத்தை வரையட்டும். மலை, ஆறு, ஏரி, கடல், ஒவ்வொரு விலங்கும் எங்கிருந்து வந்தது என்பது. அடுத்த வாரம், தங்களுக்குத் தெரிந்த ஒரு நீர்நிலையைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரட்டும்: ஊர்க் கிணறோ, குளமோ, வீட்டருகே ஓடும் ஓடையோ. அதன் கீழ் "சொன்னவர்" என்று தாத்தா பாட்டியின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். உலகம் உருவான காலத்தைப் பற்றிய பூர்வகுடி நம்பிக்கைக் கதைகளை ஆங்கிலத்தில் Dreamtime, அதாவது கனவுக்காலக் கதைகள் என்பார்கள். "கனவுக்காலக் கதை ஒன்றைக் கற்பனையாக எழுதுக" என்ற பயிற்சியை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது பிறருடைய சமயத்தைப் புனைந்து எழுதச் சொல்வது.

படி 8: இன்றைய கதைகளுக்கு வாருங்கள்

தொன்மக் கதைகளோடு நின்றுவிட்டால், பூர்வகுடிகள் என்றோ வாழ்ந்தவர்கள் என்ற எண்ணம் குழந்தைகளிடம் தங்கிவிடும். 2021 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் தங்களைப் பூர்வகுடியினர் அல்லது டோரஸ் நீரிணைத் தீவினர் என்று பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் மாணவரின் வார நாள் பள்ளியிலும் அவர்கள் இருக்கலாம். ஆகவே இன்றைய சிறார் புனைவு ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். ஆஸ்திரேலியாவின் சிறார் இலக்கியத் தூதராக 2012, 2013 ஆண்டுகளில் இருந்த பூரி மான்ட்டி பிரையரின் ஒரு படக்கதையில், பீட்சா தேடிப் போகும் சிறுவர்கள் அதைச் சமைக்கும் பூர்வகுடிக்காரரைச் சந்திக்கிறார்கள். வகுப்பு சிரித்துக்கொண்டே கேட்கும்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களோடு, அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம். 1931இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மூர் ரிவர் குடியிருப்பிலிருந்து தப்பி, முயல் தடுப்பு வேலியை வழித்துணையாகக் கொண்டு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நடந்த சிறுமிகளின் உண்மைக் கதையை, அவர்களில் ஒருவரான மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் எழுதியிருக்கிறார். இந்தக் கொடுமைக்காக நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. இந்தப் பாடத்துக்கு முன் பெற்றோருக்குத் தகவல் அனுப்புங்கள். போரில் ஊரையும் உறவையும் இழந்து வந்த ஈழக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பிரிவைப் பற்றிய கதை அவர்களுக்குப் பாடமாக மட்டும் இருக்காது. அழுகை வந்தால் எழுந்து வெளியே போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 9: மூத்தோரை அழையுங்கள்

முடிந்தால், உங்கள் வட்டாரப் பூர்வகுடி அமைப்பு வழியாகக் கதை சொல்லும் மூத்தவர் ஒருவரை அழையுங்கள். வருபவர் வேறுவிதமாகச் சொல்லும் வரை, "ஆன்ட்டி", "அங்கிள்" என்ற மரியாதை அடைமொழியோடு பெயரைச் சொல்லும்படி குழந்தைகளைப் பழக்குங்கள். அவருடைய நேரத்துக்கும் அறிவுக்கும் உரிய கட்டணம் கொடுக்க வேண்டும், பயணச் செலவு தனி. பதிவு செய்யலாமா, படம் எடுக்கலாமா, கேட்ட கதையை நாம் பிறகு சொல்லலாமா என்பதை அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மே 27 முதல் ஜூன் 3 வரையான நல்லிணக்க வாரத்திலும் ஜூலை முதல் வாரத்தை ஒட்டி, பூர்வகுடியினரின் வரலாற்றையும் பண்பாட்டையும் கொண்டாடும் நைடாக் (NAIDOC) வாரத்திலும் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் அழைப்பதால் அவர்களுக்கு ஓய்வே இருக்காது. ஆகஸ்டிலோ அக்டோபரிலோ ஒரு சனிக்கிழமையைக் கேட்டுப் பாருங்கள். அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச அவருக்கும் நேரம் இருக்கும்.