ஸ்லோ குக்கரில் பீஃப் பிரிஸ்கட்: கரண்டி பட்டாலே பிரிகிற பதத்துக்கு

டெக்சஸுக்கு வந்த எல்லோரையும் போல எனக்கும் பிரிஸ்கட் பைத்தியம் பிடித்தது லாக்ஹார்ட்டில்தான். ஆஸ்டினுக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊர், அந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியர்களின் கறிக்கடைகளிலிருந்து வளர்ந்த பார்பெக்யூ, போஸ்ட் ஓக் விறகுப் புகையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்து வெளியே கறுத்து உள்ளே உருகி நிற்கிற கறி. வீட்டில் செய்யலாம் என்றால் எங்கள் அப்பார்ட்மென்ட் பால்கனியில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால்தான் ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கிற மின்சாரப் பாத்திரம். புகையில் வெந்ததன் கறுத்த மேல்தோல் இதில் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கறியின் மென்மையில் ஒரு குறையும் இருக்காது.

பிரிஸ்கட் என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி. முழுசாக வாங்கினால் ஐந்தாறு கிலோ வரும், ஸ்லோ குக்கரில் அடங்காது. ‘ஃப்ளாட்’ என்று தட்டையான பாதியைத் தனியாக விற்பார்கள், அதில் 1.7 கிலோ அளவுக்கு ஒரு துண்டு போதும். மேலே இருக்கும் கொழுப்பை முழுக்கச் சீவித் தள்ளிவிட்ட துண்டை வாங்காதீர்கள். கால் அங்குலம் கொழுப்பு கட்டாயம் வேண்டும்.

மசாலாவுக்கு உப்பு 20 கிராம், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, ஸ்மோக்டு பாப்ரிகா ஒரு மேசைக்கரண்டி, பூண்டுப்பொடி இரண்டு தேக்கரண்டி, சீரகப்பொடி ஒரு தேக்கரண்டி. பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டால் நிறம் வரும், புகை வாசனை வராது. இந்தச் செய்முறையில் புகைக்கு இருக்கிற வழியே அந்த பாப்ரிகாவும் ஒரு தேக்கரண்டி லிக்விட் ஸ்மோக்கும்தான். லிக்விட் ஸ்மோக் ஏதோ ரசாயனம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையான விறகுப் புகையைக் குளிரவைத்து நீராக்கி எடுப்பதுதான் அது. நெடி அதிகம், ஒரு தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம்.

மசாலா தடவுவதற்கு முன்னால் ஒரு வேலை. கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே ஒரு மூலையைச் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வெந்தபிறகு மசாலா மூடிய கறியில் நார் கண்ணுக்குத் தெரியாது, நார் ஓடுகிற வாக்கிலேயே வெட்டிவிட்டால் எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் கயிறு மாதிரி வாயில் சிக்கும்.

சரி, மசாலா தடவி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கனமான இரும்புச்சட்டியை நன்றாகக் காயவைத்து இரண்டு பக்கமும் நாலு நாலு நிமிடம் சிவக்க விடுங்கள். நான்ஸ்டிக்கில் இந்தச் சிவப்பு வராது, இரும்புச்சட்டிதான் என் கட்சி. குக்கரின் அடியில் இரண்டு பெரிய வெங்காயத்தைத் தடியாக நறுக்கிப் பரப்பி, அதன்மேல் கறியைக் கொழுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அரை கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் வினிகர், அந்த லிக்விட் ஸ்மோக் எல்லாவற்றையும் ஓரமாக ஊற்றுங்கள். குழம்பு வைக்கிற பழக்கத்தில் கறி மூழ்கத் தண்ணீர் விடத் தோன்றும், விடாதீர்கள். கறியே இரண்டு கப் அளவுக்குச் சாறு விடும்.

மூடிவிட்டு ‘லோ’வில் 8 முதல் 10 மணி நேரம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இருபது நிமிடமாவது கூடும்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். முதல் முறை ஆறு மணி நேரத்தில் முள்கரண்டியால் குத்திப் பார்த்தேன், ரப்பர் மாதிரி இருந்தது. அதிகமாக வெந்து இறுகிவிட்டது என்று நினைத்து அணைத்துவிட்டேன். நடந்தது நேர் எதிர், கறி வேகவே இல்லை. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது, அதன் முன்பாரத்தை நெஞ்சுத் தசைதான் தாங்குகிறது, அதனால் அதில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு நிறைய. சூடு ஏறும்போது முதலில் தசை சுருங்கி நீரைப் பிழிந்து இறுகும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் கொலாஜன் மெதுவாக ஜெலட்டினாகக் கரையும், அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். ஆட்டுக்கறி வேகாவிட்டால் இன்னும் இரண்டு விசில் விடுவோம் இல்லையா, அதே கணக்குதான். கறி கடினமாக இருக்கிறதா, மூடிவிட்டு இன்னொரு மணி நேரம் விடுங்கள். தடிப்பான இடத்தில் முள்கரண்டியைக் குத்தித் திருகினால் தடையில்லாமல் திரும்ப வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 93 முதல் 96 டிகிரி காட்டும். ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குக்கரில் விலை உயர்ந்த டிஜிட்டல் மாடலைத் தேடுவதைவிட அந்தக் காசை தெர்மாமீட்டரில் போடலாம்.

வெந்ததும் கறியை எடுத்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். அடியில் இருக்கும் சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, பாதியாகச் சுண்டவிட்டு முக்கால் கப் பார்பெக்யூ சாஸில் கலந்துகொள்ளுங்கள். சாஸை ஆரம்பத்திலேயே குக்கரில் ஊற்றினால் நீர்த்துப்போய் ருசி செத்துவிடும். இதைக் கறியின்மேல் பூசி ஓவனில் ‘பிராய்ல்’ (மேலிருந்து கடும் சூடு) வைத்து நாலு நிமிடம், பக்கத்திலேயே நின்று பாருங்கள், சர்க்கரை சட்டென்று கருகும். அப்புறம் மூலையில் அடையாளத்துக்கு வெட்டிய வெட்டுக்கு இணையாகப் பென்சில் தடிமனில் துண்டு போடுங்கள். வெள்ளை பிரெட், ஊறுகாய் வெள்ளரி, வதக்காத வெங்காயம், இதுதான் டெக்சஸ் வழக்கம். சோற்றோடும் அருமையாக இருக்கும்.

பின்சேர்க்கை: பத்து மணி நேரம் ஆகியும் வறட்சியாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில் ஒருவர் வாங்கியது ‘ஐ ஆஃப் ரவுண்ட்’, அதாவது பின்தொடைக் கறி. கொழுப்பும் கொலாஜனும் குறைவான கறி இப்படி வேகவைத்தால் காய்ந்துதான் போகும். இன்னொருவர் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே போட்டிருக்கிறார். இது ருசிப் பிரச்சினை மட்டும் இல்லை. 4 முதல் 60 டிகிரிக்குள் கறி நெடுநேரம் கிடந்தால் பாக்டீரியா பெருகும், ஸ்லோ குக்கர் உறைந்த கறியை அந்த இடைவெளியிலேயே மணிக்கணக்கில் வைத்திருக்கும். முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள், இந்த அளவுத் துண்டுக்கு முழுசாக ஒரு நாள் ஆகும்.

அமெரிக்காவில் வாங்கிய குக்கரைச் சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: அது 120 வோல்ட்டுக்கானது, அங்கே 230 வோல்ட், நேரடியாகச் சொருகினால் புகைந்துவிடும். அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.