இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்க: சிடிஏபி முறையும் அது சறுக்கும் இடங்களும்

எம்.எஸ்சி. பயோடெக், தாவரவியல் ஆய்வகங்களில் சீக்கிரமே கைக்கு வந்துவிடும் வேலை இது. செய்முறைத் தாளைப் பார்த்துச் செய்தால் ட்யூபின் அடியில் ஏதோ ஒன்று படியும். அது பிசிஆருக்கு (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஆகுமா என்பதுதான் கேள்வி. இளசான கீரையில் யார் செய்தாலும் வரும். மா, முந்திரி, செம்பருத்தி என்று போகும்போதுதான் பஃபரில் எது எதற்காக இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டாயில், டாயில் இருவரும் 1987-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் ஆளுக்கொரு மாற்றத்துடன் செய்கிறோம். 100 மி.லி. பஃபருக்கு: சிடிஏபி (செல் சவ்வுகளைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) 2 கிராம், 1 மோலார் டிரிஸ் (பிஹெச் 8) 10 மி.லி., உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் 0.5 மோலார் இடிடிஏ (பிஹெச் 8) 4 மி.லி., 5 மோலார் உப்புக் கரைசல் 28 மி.லி., பிவிபி 1 முதல் 2 கிராம், மீதி தண்ணீர். 28 எப்படி வந்தது? வேண்டியது 1.4 மோலார் உப்பு, 1.4 × 100 ÷ 5. இந்தக் கணக்கைத் தாளைப் பார்க்காமல் போட வர வேண்டும்.

இடிடிஏ பிஹெச் 8-ஐ நெருங்கும்வரை கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கச் சேர்க்கத்தான் தெளியும். டிரிஸுக்குச் சிக்கல் வேறு. அமிலம் விட்டதும் கரைசல் சூடாகும், சூட்டில் பிஹெச் குறைவாகக் காட்டும். ஆறவிட்டுத்தான் கடைசித் திருத்தம்.

உப்பை ஏன் இவ்வளவு கொட்டுகிறோம்? உப்பு 0.7 மோலாருக்கு மேல் இருந்தால் சிடிஏபி புரதங்களையும் பிசின் தன்மையுள்ள பாலிசாக்கரைடுகளில் பலவற்றையும் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏ கரைசலிலேயே நிற்கும். உப்பு குறைந்தால் டிஎன்ஏவும் சிடிஏபியோடு சேர்ந்து படிந்துவிடும். பிவிபியும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலும் இலையின் பீனால்கள் டிஎன்ஏவைக் கெடுக்காமல் தடுக்க. இரண்டாவதை முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள்; செய்யும் அன்று, ஃபியூம் ஹூடில், மி.லி.க்கு 2 மைக்ரோலிட்டர்.

இனி வேலை. 100 மி.கி. இளந்தளிர், நரம்பு நீக்கியது. திரவ நைட்ரஜனில் மாவாக அரைத்து, பொடி உருகும் முன் 65 டிகிரியில் சூடாக இருக்கும் 700 மைக்ரோலிட்டர் பஃபரில் சேருங்கள். நைட்ரஜன் இல்லையென்றால் சூடான பஃபரை ஊற்றி அதிலேயே அரைக்கலாம், பரவாயில்லை. ஆனால் அரைத்த இலையைப் பஃபர் இல்லாமல் வைத்துவிட்டு நகராதீர்கள். இலையின் நியூக்ளியேஸ் நொதி அதற்குள் டிஎன்ஏவை வெட்டிவிடும். 65 டிகிரியில் 45 நிமிடம், இடையிடையே கவிழ்த்துக் கவிழ்த்து.

அடுத்து, அறை வெப்பத்துக்கு ஆறட்டும். குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிக்கும். சூட்டோடு ஊற்றினால் மூடி தெறித்துவிடும். அதற்காக ஐஸில் வைப்பதும் தப்பு, குளிரில் சிடிஏபியே படிந்துவிடும். சென்ட்ரிஃப்யூஜையும் 25 டிகிரியில் வையுங்கள்.

குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) 700 மைக்ரோலிட்டர் சேர்த்து, 10 நிமிடம் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம், நீளமான டிஎன்ஏ அறுந்துபோகும். 12,000 ஆர்பிஎம், 10 நிமிடம். கீழே பச்சையாகக் குளோரோஃபார்ம், நடுவில் வெள்ளைத் தோலாகப் புரதம், மேலே தெளிந்த நீர். மேலடுக்கில் 500 மைக்ரோலிட்டர் மட்டும் எடுங்கள். 'இன்னும் கொஞ்சம் இருக்கிறதே' என்று டிப்பை இறக்கினால் அந்த வெள்ளைத் தோலும் கூடவே ஏறும். மேலடுக்கு கலங்கலாக இருந்தால் இதே படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

எடுத்த மேலடுக்கில் குளிர்ந்த ஐசோப்ரோப்பனால் 330 மைக்ரோலிட்டர் சேர்த்தால் டிஎன்ஏ படியும், 20 நிமிடம் போதும். இரவு முழுக்க ஃப்ரீசரில் விட்டால் உப்பும் பிசினும்தான் கூடுதலாகச் சேரும். சுழற்றி, 70 சதவீத எத்தனாலில் இருமுறை கழுவுங்கள். சுத்த எத்தனால் உதவாது. உப்பைக் கரைப்பது அந்த 30 சதவீதத் தண்ணீர். 10, 15 நிமிடம் உலர்த்துங்கள். ஒரேயடியாகக் காய்ந்த டிஎன்ஏ லேசில் கரையாது. 1 மி.லி. டிஇ (டிரிஸ்–இடிடிஏ) பஃபரில் 10 மி.கி./மி.லி. ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவை வெட்டும் நொதி) 10 மைக்ரோலிட்டர் கலந்து வைத்துக்கொண்டு, அதில் 50 மைக்ரோலிட்டரில் கரைத்து 37 டிகிரியில் அரை மணி நேரம்.

நானோடிராப் (ஒளி உறிஞ்சுதலைக் கொண்டு டிஎன்ஏவை அளக்கும் கருவி) எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 260, 280 நானோமீட்டர் உறிஞ்சுதல்களின் விகிதம் (260/280) சுத்தமான டிஎன்ஏவுக்குரிய 1.8 என்று வந்தாலும் டிஎன்ஏ துண்டுதுண்டாகக் கிடக்கலாம். செறிவு மைக்ரோலிட்டருக்கு 900 நானோகிராம் என்று காட்டினால் பெரும்பகுதி ஆர்என்ஏவாக இருக்கலாம். 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் வெட்டாத லாம்டா டிஎன்ஏவோடு (ஒப்பிட உதவும் நீளமான வைரஸ் டிஎன்ஏ) ஓட்டுங்கள். மேலே ஒரே இறுக்கமான பட்டை என்றால் நல்லது. நீளமாக இழுபட்டிருந்தால் சிதைவு, அடியில் மங்கலான திட்டு இருந்தால் ஆர்என்ஏ, கிணற்றை விட்டே நகராவிட்டால் பிசின் அல்லது புரதம்.

260/230 விகிதம் 1.5-க்குக் கீழே இருந்து, டிப்பில் எடுக்கும்போது செம்பருத்திக் கொழகொழப்பு போல நூலாக இழுத்தால் அது பாலிசாக்கரைடு. 50 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 5 மோலார் உப்பு 25, குளிர்ந்த எத்தனால் 150 மைக்ரோலிட்டர் சேர்த்து மறுபடி படியவையுங்கள். அதிக உப்பில் பிசின் கரைசலிலேயே தங்கும். படிவு பழுப்பாக இருந்தால் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள். பீனால்கள் குயினோனாக மாறி டிஎன்ஏவோடு ஒட்டிவிட்டன. இன்னும் இளைய இலை, பிவிபி 2 சதவீதம், மெர்காப்டோஎத்தனால் 1 சதவீதம் என்று புதிதாகத் தொடங்குவதே நேரத்துக்கு லாபம்.

ஜெல்லில் அழகான பட்டை, ஆனாலும் பிசிஆர் வரவில்லையா? டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். பத்து மடங்கு, ஐம்பது மடங்கு நீர்த்துப் பாருங்கள். டிஎன்ஏவோடு பிசிஆரைத் தடுக்கும் பொருள்களான தடுப்பான்களும் நீர்த்துவிடும். அதிலும் வராவிட்டால், ஏற்கெனவே ஆர்பிசிஎல் ஜீன் (தாவரங்களின் பசுங்கணிக டிஎன்ஏவில் இருப்பது) நன்றாக வரும் வேறொரு டிஎன்ஏவை எடுத்து, அதோடு உங்கள் மாதிரியில் 1 மைக்ரோலிட்டர் கலந்து அதே ஆர்பிசிஎல் பிரைமர்களுடன் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஓட்டுங்கள். அதுவும் நின்றுபோனால் குற்றவாளி உங்கள் மாதிரியில் இருக்கும் தடுப்பான். அது வந்துவிட்டால் மாதிரியைத் திரும்பச் சுத்தம் செய்வதில் பயனில்லை, பிரைமரையும் அது டிஎன்ஏவில் ஒட்டும் அனீலிங் வெப்பத்தையும் பாருங்கள்.