ஐம்பது வாக்கியங்களில் உங்கள் குணத்தை அளப்பது எப்படி?

குணத்தை அளக்க உளவியலாளர்கள் இன்று பரவலாகக் கையாளுவது ஐம்பண்பு முறை: புறமுகம் (பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு), இணக்கம், பொறுப்புணர்வு, மனநிதானம், புதுமை நாட்டம். 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை வருணிக்கும் சுமார் 18,000 சொற்களைப் பட்டியலிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சலித்துத் தொகுத்தபோது திரண்டவையே இந்த ஐந்து.

வீட்டிலேயே செய்துபார்க்க உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் அமைத்த 50 வாக்கிய வினாத்தாள் போதும். அதற்குக் கட்டணமோ அனுமதியோ தேவையில்லை. பண்புக்குப் பத்து வாக்கியம். துளியும் பொருந்தாவிட்டால் 1, அப்படியே பொருந்தினால் 5. இருக்க விரும்புவதை எழுதாதீர்கள். இப்போது இருப்பதை, உங்கள் வயதையொத்தவர்களோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

பலரும் தவறுவது கூட்டும்போதுதான். "கூட்டத்தில் ஒதுங்கி நிற்பேன்" என்பது போல, பண்புக்கு நேர்மாறானதைச் சொல்லும் எதிர்த்திசை வாக்கியங்களுக்கு, போட்ட எண்ணை 6இலிருந்து கழித்து, வரும் எண்ணையே கூட்ட வேண்டும்: 5 போட்டிருந்தால் 1, 4 என்றால் 2. புறமுகத்தில் இப்படி ஐந்து வாக்கியங்கள் உண்டு. மனநிதானத்தில் எட்டு! அங்கே கழிக்க மறந்தால் எளிதில் பதறுபவருக்கு நிதானசாலி என்று விடை வரும். சில தாள்களில் இதே பண்பு 'பதற்றம்' என்று தலைகீழாகப் பெயரிடப்பட்டிருக்கும். கூட்டுமுன் தலைப்பைப் பாருங்கள்.

எதிர்த்திசை வாக்கியங்களை வைத்ததற்குக் காரணம் உண்டு. படிக்காமலே எல்லாவற்றுக்கும் 5 போடுகிறவருக்குப் புறமுகத்தில் 50 வராது, 30தான் வரும்.

ஒவ்வொரு பண்புக்கும் கூட்டுத்தொகை 10க்கும் 50க்கும் இடையே நிற்கும். 30ஐத் தாண்டினால் 'புறமுகி', குறைந்தால் 'அகமுகி' என்று ஆட்களைப் பிரிக்காதீர்கள். பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். 29க்கும் 31க்கும் பேசத்தக்க வேறுபாடே இல்லை. பலர் தங்களுக்கு இணக்கத்தில் தாராளமாகவே எண் போடுவார்கள் என்பதால், அதில் 38 வாங்கியவரும் சராசரிக்காரராக இருக்கலாம். ஒத்த வயதினரின் சராசரி கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

சில வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். துக்கத்திலோ தேர்வு நெருக்கடியிலோ எழுதினால் மனநிதானம் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். நன்கு பழகிய ஒருவரையும் உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள். உள்ளே புழுங்கும் கவலை உங்களுக்குத்தான் தெரியும். நாலு பேர் நடுவே நீங்கள் எவ்வளவு பேசுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு தாளும் எங்கே முரண்படுகின்றனவோ அந்த வாக்கியங்களை எடுத்துவைத்து, இருவரும் எந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்து எண் போட்டீர்கள் என்று பேசுங்கள்.