சமூக ஊடக வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பது எப்படி (பாஸ்வேர்டைக் கொடுக்காமல்)

இணையத்தில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். பாடம் எடுப்பது, மாணவர்கள் அனுப்பும் படங்களைத் திருத்துவது, யார் பணம் கட்டினார்கள் என்று பார்ப்பது, இதற்கு நடுவில் ரீல்ஸ் வேறு. ஒரு கட்டத்தில் வரையும் நேரத்தைவிட ரீல்ஸ் எடுக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. இதை யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று ஒரு ஏஜென்சியைப் பிடித்தேன். எட்டு மாதம் கழித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டபோதுதான் தெரிந்தது, என் பேஸ்புக் பக்கம் என் பெயரில் இல்லை. நான் அட்மின்தான், போஸ்ட் போடலாம், பதில் எழுதலாம். ஆனால் பக்கத்தின் உரிமை அவர்களுடைய பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் (ஒரு நிறுவனத்தின் பக்கங்களையும் விளம்பரக் கணக்குகளையும் ஒன்றாக வைத்திருக்கும் மெட்டா கணக்கு; மெட்டாதான் பேஸ்புக்கின் தாய் நிறுவனம்) உட்கார்ந்திருந்தது. அதை மீட்க ஆறு வாரம் மெயில் மேல் மெயில் போட்டேன். விளம்பரக் கணக்கு திரும்ப வரவேயில்லை.

அந்த ஆறு வாரத்தில் கற்றதும், அடுத்த ஆளை வைக்கும்போது மாற்றிச் செய்ததும்தான் கீழே இருப்பவை. பக்கம் திறப்பது, இன்ஸ்டாகிராமை புரொஃபஷனல் கணக்காக மாற்றி அதோடு இணைப்பது எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

மார்க்கெட்டிங்குக்காக என்ன செய்தாலும் அதையும் ஆன நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வாரம் போதும். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இதை எப்படிச் செய்வது என்று இன்னொருவருக்குப் பத்து வரியில் எழுதிக் கொடுக்க முடியுமா? வீடியோ வெட்டுவது, சப்டைட்டில் போடுவது, போஸ்ட்டை ஷெட்யூல் செய்வது எல்லாம் முடியும். அவற்றைக் கொடுக்கலாம். கோபமாக வரும் மெசேஜுக்கு என்ன பதில், கட்டணத்தை எப்போது குறைப்பது போன்றவற்றை எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். அவை உங்களிடமே இருக்கட்டும்.

படி 2: ஆளைத் தேடும் முன் ஆலோசனை

ஆலோசனை சொல்பவரும் வேலை செய்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. ரீல்ஸ் எடுத்துத் தருபவரிடம் போய் எனக்கு என்ன தேவை என்று கேட்டால் ரீல்ஸ் என்றுதான் சொல்வார். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு அதுதான் தெரியும்.

காசு கொடுத்து ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேட்பதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, மெட்டா ப்ளூபிரிண்ட், கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி ஆகியவற்றில் உள்ள இலவசப் பாடங்களில் ஏதாவது ஒன்று. சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ரீச் என்றால் எத்தனை பேர், இம்ப்ரெஷன் என்றால் எத்தனை தடவை என்ற வித்தியாசம் புரிந்தாலே பாதி ரிப்போர்ட்டுகள் முன்பு மாதிரி மிரட்டாது.

இரண்டாவது, மெட்டாவின் ஆட் லைப்ரரி, அதாவது அதில் ஓடும் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பக்கம். உங்கள் துறையில் இருக்கும் மற்றவர்களின் பெயரைத் தட்டினால் இப்போது ஓடும் அவர்களுடைய விளம்பரங்கள் வரும், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் இருக்கும். பல மாதமாக ஒரே விளம்பரம் ஓடுகிறது என்றால் அது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது என்று ஊகிக்கலாம். கூகுள் விளம்பரங்களுக்கும் இப்படி ஓர் இடம் 2023இல் வந்தது, பெயர் ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்.

அப்புறம் கேள்வி. "பாலோயர்களை எப்படிக் கூட்டுவது?" என்று கேட்டால் எங்கும் கிடைக்கும் பதில்தான் கிடைக்கும். நான் இப்படிக் கேட்டேன்: "சேர்க்கைப் பக்கத்துக்கு வரும் நூறு பேரில் இரண்டு பேர்தான் சேர்கிறார்கள். விளம்பரத்தைக் கூட்டுவதா, பக்கத்தை மாற்றுவதா?" அவர் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பதினோரு கட்டம் நிரப்பச் சொல்கிறீர்களே, யார் நிரப்புவார்கள் என்றார். நான்காகக் குறைத்தேன். அதற்கு ஏஜென்சியே தேவைப்படவில்லை.

படி 3: அனுமதி கொடுப்பது (நான் விழுந்த இடம்)

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஏஜென்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்கள் ஆளை முழுக் கட்டுப்பாடு உள்ள அட்மினாகச் சேர்த்துவிடுங்கள்." சேர்த்தேன். அவர் பக்கத்தைத் தங்கள் போர்ட்ஃபோலியோவில் சேர்த்துக்கொண்டார். எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. ஒரு பக்கம் ஒரு நேரத்தில் ஒரு போர்ட்ஃபோலியோவுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். அதனால் பின்னால் நானே ஒன்று திறந்து பக்கத்தைச் சேர்க்கப் போனபோது, இது ஏற்கெனவே வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று வந்து நின்றது.

ஆகவே வரிசை முக்கியம். யாரையும் வைப்பதற்கு முன் உங்கள் பெயரில் ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ திறந்துவிடுங்கள் (முன்பு பிசினஸ் மேனேஜர் என்றார்கள், இன்னும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்). பக்கம், இன்ஸ்டாகிராம் கணக்கு, விளம்பரக் கணக்கு, பிக்சல் (விளம்பரம் பார்த்து உங்கள் வலைத்தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறிக்கும் சின்னக் கோடு) நான்கையும் அதற்குள் கொண்டு வாருங்கள். விளம்பரக் கணக்கில் உங்கள் கார்டு. எங்கள் கணக்கில் ஓட்டிவிட்டு உங்களுக்கு பில் அனுப்புகிறோம் என்பார்கள். சௌகரியமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் எந்த விளம்பரத்துக்கு யார் வந்தார்கள் என்ற வரலாறு முழுவதும் அந்தக் கணக்கோடு போய்விடும். ஒரு போர்ட்ஃபோலியோவுக்குச் சொந்தமான விளம்பரக் கணக்கை இன்னொன்றுக்கு மாற்ற வழியில்லை. என் எட்டு மாதம் அப்படித்தான் போனது.

இதெல்லாம் முடிந்த பிறகு அமைப்புகளில் பார்ட்னர்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். ஏஜென்சியிடம் அவர்களுடைய பிசினஸ் ஐடியைக் கேட்டு வாங்குங்கள், அது வெறும் எண். அங்கே இரண்டு வழிகள் காட்டும்: உங்கள் சொத்துகளை அவர்களுக்குத் திறந்துவிடுவது, அவர்களுடையதை உங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்பது. உங்களுக்கு வேண்டியது முதலாவது. எண்ணைப் போட்டு, எந்தப் பக்கம், எந்தக் கணக்கு, அதில் என்னென்ன வேலை என்று ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். போஸ்ட் போடுபவருக்கு விளம்பரம் எதற்கு? விளம்பரம் பார்ப்பவருக்கு உங்கள் இன்பாக்ஸ் எதற்கு? முழுக் கட்டுப்பாடு என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம். தனி ஃப்ரீலான்சர் என்றால் பார்ட்னராக வேண்டாம், பீப்பிள் பகுதியில் அவருடைய மெயிலைப் போட்டுச் சேர்த்தால் போதும்.

இந்த மெனுக்களின் இடமும் பெயரும் அடிக்கடி மாறும். நீங்கள் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தால் அமைப்புகளுக்குள் தேடிப் பாருங்கள், எங்காவது இருக்கும்.

இன்னொன்று. முழுக் கட்டுப்பாடு உங்கள் பக்கம் இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரே இருந்து, அவருடைய சொந்த பேஸ்புக் கணக்கு ஏதோ காரணத்தால் முடங்கினால் எல்லாமே பூட்டிக்கொள்ளும். நான் என் தங்கையைச் சேர்த்திருக்கிறேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அதுதான் நல்லது.

மற்ற இடங்களில் இவ்வளவு சிக்கல் இல்லை. யூடியூபில் ஸ்டூடியோவுக்குள் அமைப்புகள், அனுமதிகள் என்று போனால் மேனேஜர், எடிட்டர், பார்வையாளர் எனப் பிரித்துக் கொடுக்கலாம். வருமானம் தெரியாத எடிட்டர் என்று ஒரு வகை இருக்கிறது, வீடியோ போடுபவருக்கு அதுவே போதும். கூகுள் ஆட்ஸில் உங்கள் பத்து இலக்க எண்ணைக் கொடுங்கள், அவர்கள் தங்கள் மேனேஜர் கணக்கிலிருந்து அழைப்பு அனுப்புவார்கள், நீங்கள் ஏற்றால் வேலை தொடங்கிவிடும், கணக்கு உங்களுடையதாகவே இருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸில் (வலைத்தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் கருவி) வியூவர் அல்லது அனலிஸ்ட் போதும். டொமைன், அதாவது உங்கள் வலைத்தள முகவரி, மட்டும் யார் கைக்கும் போகக் கூடாது.

பாஸ்வேர்ட் கொடுத்தே ஆக வேண்டிய சில கருவிகள் இருக்கும். அவற்றுக்கு பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரைப் பயன்படுத்துகிறேன். வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்ட் அனுப்புவதைக் கண்டாலே இப்போது பதறுகிறது.

படி 4: ஒரு பக்கக் குறிப்பும் சோதனை வேலையும்

குறிப்பில் யாருக்காக, அவர்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் சொல்லவே கூடாது, யார் பார்த்து ஓகே சொன்ன பிறகு போஸ்ட் போகும் என்ற நான்கும் இருந்தால் போதும். "எதைச் சொல்லவே கூடாது" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "பத்தே நாளில் ஓவியர் ஆகலாம்" என்று என் பெயரில் ஒரு போஸ்ட் போன பிறகுதான் நான் அதைச் சேர்த்தேன்.

முதலில் இரண்டு வாரம், காசு கொடுத்து, சின்ன வேலை. இலவசமாக மாதிரி செய்து காட்டச் சொல்வது எனக்குப் பிடிக்காது. நல்லவர்கள் வரமாட்டார்கள், வருபவர்கள் பழைய வேலையில் பெயரை மாற்றித் தருவார்கள். கேன்வா டிசைன், வீடியோ ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் உங்கள் டிரைவ் ஃபோல்டரில் வர வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். திருத்தங்களை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். ஒரு ஷீட்டில் எழுதினால் இருவருக்கும் நல்லது.

இத்தனை ஆயிரம் பாலோயர்கள் உறுதி என்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள். விலைக்கு வாங்கிய பாலோயர்கள் எதையும் வாங்க மாட்டார்கள், யார் உண்மையில் பார்க்கிறார்கள் என்ற கணக்கையும் குழப்பிவிடுவார்கள்.

படி 5: ரிப்போர்ட்டை அவர்களிடமே கேட்காதீர்கள்

அதாவது, அதை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு லிங்க்கிலும் யூடிஎம் (எங்கிருந்து வந்தது என்று சொல்ல லிங்க்கின் கடைசியில் சேர்க்கும் குறிச்சொல்) போடச் சொல்லுங்கள், யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது உங்கள் அனலிட்டிக்ஸிலேயே தெரியும். (யூ என்பது அர்ச்சின் என்ற நிறுவனத்தின் முதலெழுத்து. கூகுள் 2005இல் அதை வாங்கித்தான் அனலிட்டிக்ஸ் ஆக்கியது.) ஒரு பொறி இருக்கிறது: ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு. ஒருவர் பேஸ்புக் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி, இன்னொருவர் சின்ன எழுத்தில் தொடங்கினால் இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும். எல்லாம் சின்ன எழுத்து என்று குறிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

அனலிட்டிக்ஸ் 4இல் டேட்டா ரிடென்ஷன் (பழைய தரவை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்ற அமைப்பு) என்பதையும் இன்றே பாருங்கள். தானாக 2 மாதம் என்றுதான் இருக்கும், 14 மாதம் வரை மாற்றலாம். மாற்றாவிட்டால் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் போன வருடத்தோடு ஒப்பிட ஒன்றும் இருக்காது. நான் மாற்றாமல் விட்டவன்.

பின்சேர்க்கை 1: இன்ஸ்டாகிராம் ஓடிபி ஏஜென்சியின் போனுக்குப் போகிறது, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்ஸ்டாகிராமை ஏஜென்சியே திறந்து கொடுத்தால் இப்படி ஆகும். உறவு நன்றாக இருக்கும்போதே மெயில், போன் எண் இரண்டையும் உங்களுடையதாக மாற்றி, ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு (உங்கள் போனிலேயே ஓடிபி உருவாக்கும் ஆப்) போய்விடுங்கள். பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் பக்கம்) புதிதாகச் சேர்த்த ஓனரால் பழையவரை நீக்க முடியவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். கோளாறு இல்லை. புதிய ஓனரோ மேனேஜரோ 7 நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை மற்றவர்களை நீக்க முடியாது. எனவே ஒப்பந்தம் முடியும் கடைசி நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

பின்சேர்க்கை 3: இன்ஸ்டாகிராமை புரொஃபஷனல் கணக்காக மாற்றியதும் ரீல்ஸில் பாட்டெல்லாம் காணோம் என்று ஒருவருக்குக் கோபம். நியாயம்தான், நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிசினஸ் வகைக் கணக்குகளுக்குப் பிரபலப் பாடல்கள் பெரும்பாலும் கிடைக்காது, உரிமைச் சிக்கல் இல்லாத ஒலித் தொகுப்புதான் கிடைக்கும். புரொஃபஷனல் கணக்கிலேயே கிரியேட்டர் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதற்கு மாறினால் பலருக்குப் பாட்டு திரும்ப வருகிறது. ஆனால் அதே வீடியோவை விளம்பரமாக ஓட்டுவதாக இருந்தால் அந்தப் பாட்டைப் போடாதீர்கள்.