முந்திரிக் கட்டையில் திணறிய விறகு பிளக்கும் மெஷின்

சவுக்கைத் தடையில்லாமல் பிளந்த ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் ஓடும்) மெஷின், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கட்டையில் பாதியிலேயே நின்றது. பிரஷர் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை முறுக்கி பிரஷரைக் கூட்டத் தோன்றும். தொடவே கூடாது, ஹோஸ் வெடிக்கும். டேங்கைத் திறந்தால் ஆயிலில் நுரை. சக்‌ஷன் ஹோஸ் (டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் இழுக்கும் குழாய்) கிளிப் தளர்ந்து காற்று இழுத்திருந்தது, அதனால்தான் பலம் குறைந்தது. கிளிப்பை மாற்றி, ஆயிலை மட்டத்துக்கு நிரப்பி, கட்டை வைக்காமல், சிலிண்டரிலிருந்து நீளும் தண்டான ராடை 10 முறை முழுசாக நீட்டி இழுத்தேன், நுரை அடங்கியது. மழுங்கிய ஆப்பையும் அரம் போட்டுத் தீட்டினேன். கவட்டைக் கட்டையின் அடிப்பக்கம் ஆப்பைப் பார்த்திருக்கட்டும்.

புதிதாக வாங்குபவர்கள் ஸ்டிக்கரில் போட்ட டன்னை நம்பாமல் கணக்குப் போடுங்கள்: சிலிண்டர் உள்விட்டம் 10 செ.மீ., பிரஷர் 200 பார் என்றால் சுமார் 16 டன்தான். பம்ப் இரண்டு நிலையாக இருக்கட்டும். சுமையில்லாதபோது வேகம், கட்டை முட்டியதும் மெதுவாக முழு பலம். இரு கையாலும் பிடித்தால் மட்டுமே ஓடும் லீவர் இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள், விரல் போய்விடும்.

கடலூர் உப்புக் காற்றில் நீட்டி விட்ட ராடு துருப்பிடித்து, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை (seal) அறுக்கும். வேலை முடிந்ததும் உள்ளே இழுத்து நிறுத்துங்கள்.