அலை தெரியும், பலகை தெரியாது: சர்ஃபிங் பழகும் வடசென்னைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் புதிதில்லை. உடைந்த தெர்மாகோலில் குப்புறப் படுத்து அலை பிடித்துக் கரைக்கு வரும் பொடியன்களை விடுமுறை நாளில் பார்த்திருப்பீர்கள். எந்த அலை தூக்கும், எந்த அலை கவிழ்க்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலைச்சறுக்கு கற்க இது பெரிய மூலதனம்தான். முதல் தவறும் அதிலிருந்தே பிறக்கிறது. "கடல்தான் வாசலிலேயே இருக்கே, ஒரு போர்டு கிடைச்சா போதும்" என்று இறங்கிவிடுகிறார்கள்.

போதாது. வடசென்னைக் கரை சர்ஃபிங் பழகுவதற்கான கரை இல்லை. அதற்குக் காரணம் துறைமுகம். இந்தக் கரையோரமாக ஆண்டு முழுக்க மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கேயிருந்து வடக்கே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழுந்ததும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அகன்றது, ராயபுரத்துக்கு வடக்கே கரை கரைந்தது. கடல் மேற்கொண்டு ஊருக்குள் வராமலிருக்கக் கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் போட்டார்கள்.

பலகையில் நிற்கப் பழகுகிறவருக்கு என்ன வேண்டும்? மெல்லச் சரியும் மணல் தரை, விழுந்தால் எதிலும் இடிக்காத வெட்டவெளி, தள்ளியே உடைந்து வெள்ளை நுரையாகக் கரைவரை உருண்டு வரும் அலை. இங்கே அலை கல்லில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு குழம்புகிறது. அதைவிட மோசமானது தூண்டில் வளைவின் ஓரம். அங்கே அலை உடையாது, தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும். கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் போகும் வழியே பெரும்பாலும் அதுதான். அலை குறைவாக இருக்கிறதே என்று அந்த இடத்தில் போர்டை இறக்கினால், இழுவை கல்லை ஒட்டியே உள்ளே கொண்டுபோகும். பலகையைக் காலோடு கட்டும் கால் கயிறு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நல்ல நீச்சல்காரருக்கும் சிக்கல்தான்.

எண்ணூர் முகத்துவாரமும் வேண்டாம். ஆற்று நீரும் கடல் நீரும் மாறி மாறித் தள்ளும் இடம் அது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடும் எண்ணெய் பரவிய தண்ணீர் அந்தப் பக்கத்துடையது. பொதுவாகவே பெருமழைக்குப் பிறகு சில நாட்கள் எந்த ஆற்று வாய் அருகிலும் கடலில் இறங்காதீர்கள். ஊர்ச் சாக்கடை முழுக்க அப்போது அங்கேதான் வந்து சேர்கிறது. காதுவலியும் தோல் அரிப்பும் இலவசம்.

ஆக, தெற்கே போகத்தான் வேண்டும். திருவொற்றியூரிலிருந்து கோவளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், சென்னையின் அந்தக் கோடி. அலுப்பான பயணம்தான். ஆனால் மணல் தரையும் பயிற்சியாளரும் வாடகைக்குப் போர்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். கோவளத்தில் இந்த விளையாட்டை வளர்த்தவர்கள் வெளியூர்ப் பணக்காரர்கள் இல்லை. அதில் முன்னோடியான மூர்த்தி மேகவன் மீனவர். "நமக்கெல்லாம் இது எதுக்கு" என்று வீட்டில் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஆகும்.

அடுத்த தவறு, போர்டு வாங்குவது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்த மாதிரி வீடியோவில் வரும் குட்டையான, கூர்மூக்குப் பலகையைப் பார்த்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் அதையே தேடுகிறார்கள் பையன்கள். அது தேர்ந்தவர்களின் பலகை. மிதக்கும் தன்மை குறைவு, படுத்தாலே பாதி முங்கும். புதியவருக்கு ஏற்றது மேலே மெத்தென்ற ஃபோம் போட்ட, 8 முதல் 9 அடி நீளமுள்ள அகலமான போர்டு. சின்னப் பிள்ளையாக இருந்தால் கொஞ்சம் குறையலாம். பார்க்க ஸ்டைலாக இருக்காது, ஆனால் தலையில் பட்டாலும் மண்டை உடையாது. எப்படியும் முதல் சில மாதங்களுக்கு வாடகைப் போர்டே போதும். 9 அடிப் பலகையை எந்த பஸ்ஸில் ஏற்றுவீர்கள்?

தண்ணீரில் செய்யும் தவறுகளில் பாதி, பலகையில் படுக்கும்போதே நடந்துவிடுகிறது. ரொம்ப முன்னால் படுத்தால் அலை தூக்கியதும் மூக்கு குத்தி, ஆள் தலைகுப்புறப் போவார். ரொம்பப் பின்னால் என்றால் மூக்கு வானம் பார்க்கும், அலை அடியில் புகுந்து போய்விடும். பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்கிற இடம்தான் உங்கள் இடம். கண்டுபிடித்ததும் மார்பு எந்தக் கோட்டுக்கு நேராக வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் துடுப்புப் போடுவது. அலை பின்னால் லேசாகத் தூக்கியதும் "பிடிச்சாச்சு" என்று கையை நிறுத்திவிடுகிறார்கள், அலை போய்விடுகிறது. தூக்கிய பிறகும் இரண்டு முறை அழுத்திப் போட வேண்டும். பிறகு உள்ளங்கை இரண்டையும் நெஞ்சுக்குப் பக்கத்தில், பலகையின் மேல் தட்டையாக ஊன்றுங்கள். பக்கவாட்டு விளிம்பைப் பிடித்தால் எழும்போது பலகை ஒரு பக்கமாகச் சாயும். முட்டி போட்டு எழுகிற பழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். முதல் நாள் அது சுலபமாகத் தெரியும், பிறகு மறக்கடிக்கப் படாதபாடு படவேண்டும். ஒரே மூச்சில் முன்கால் இரண்டு கைக்கும் நடுவில் வந்து விழ வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், பார்வை கரையில் இருக்க வேண்டும். காலைக் குனிந்து பார்த்தீர்களோ, தலை போகிற பக்கமே உடம்பும் போகும்.

இதற்குக் கடல் தேவையில்லை. மொட்டை மாடியில் பாயை விரித்துப் போட்டு தினமும் கொஞ்ச நேரம் படுத்து எழுந்தாலே பாதி வேலை முடிந்தது. எது முன்கால் என்று தெரியாவிட்டால், வழுக்கும் தரையில் சாக்ஸோடு ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னால் போகும் கால் அது. கால் கயிறு, அதாவது லீஷ், பின்காலில் கட்டப்பட வேண்டும்.

விழுவதிலும் முறை இருக்கிறது. பாறையிலிருந்து தலைகீழாகக் குதித்துப் பழகிய கை, பலகையிலிருந்தும் அப்படியே பாயப் பார்க்கும். இடுப்பளவுத் தண்ணீரில் அது கழுத்தை முறிக்கும். பின்னாலோ பக்கவாட்டிலோ, தட்டையாக, பொத்தென்று விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், ஏனென்றால் லீஷ் இழுபட்டு போர்டு உங்களை நோக்கித் திரும்பி வரும். அந்த லீஷைக் கையில் சுற்றிப் பிடிப்பதும் ஆபத்து, விரலை நெரித்துவிடும். உள்ளே நடந்து போகும்போது பலகை உங்கள் பக்கத்தில் இருக்கட்டும், அலைக்கும் உங்களுக்கும் நடுவில் வேண்டாம். நடுவில் வைத்திருந்தால் அடுத்த அலை அதை நேராக முகத்தில் கொண்டுவந்து சாத்தும்.

இழுவையில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதி நீந்தாதீர்கள். போர்டை விடாமல் அதன் மேலேயே படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துடுப்புப் போட்டு, அலை உடைகிற இடத்துக்கு வந்துவிட்டால் நுரையே கரை சேர்க்கும். கையைத் தூக்கி உதவி கேட்பதில் கூச்சம் எதற்கு?

ஒரே அலைக்கு இருவர் போட்டி போட்டால், அது உடையத் தொடங்கும் முனைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே அது சொந்தம். மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். படகு வரும் வழி, வலை கிடக்கும் இடம் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, விடிந்ததும் இறங்குங்கள். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பினால் அலை கலைந்துபோகும். ஜனவரி முதல் மார்ச் வரை அலை பொதுவாகச் சிறிது, தொடங்க நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விட்டுவிடலாம். எந்த மாதமானாலும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் முன்னறிவிப்பை முந்தைய நாள் பாருங்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்றும் அதில் இருக்கும். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் விநாடி கூடினால் வேகமும் தள்ளலும் கூடும்.

வீட்டுக்குத் தெரியாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து கேட்கும் இடங்கள் உண்டு, அதனால் பொய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். போகிற இடம், பயிற்சியாளரின் எண், திரும்பும் நேரம், இந்த மூன்றையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.