நானோகுழாய் கலந்தும் மின் கடத்தாத தகடு: என் அனுபவம்

திருகோணமலையில் கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்துவிடும். போன் திருத்தும் மேசையில் நிலைமின் தொல்லை தொடங்கும். அதை மெதுவாக எர்த்துக்கு வழியவிட, எப்பொக்சிப் பிசினில் பலசுவர் கார்பன் நானோகுழாய்த் தூளைக் கலந்து மேசைக்கு ஒரு தகடு வார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய, மின் கடத்தும் மிக நுண்ணிய கரிக்குழாய்கள்தான் அந்தத் தூள். கரிக்கறுப்பாக வந்தது, மல்டிமீட்டரோ அசையவே இல்லை.

இந்தக் கறுப்பை நம்ப முடியாது. குழாய்கள் வண்டர்வால்ஸ் விசையால், அதாவது மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பால், ஒட்டிக் கட்டியாகும். கட்டிகளுக்கு நடுவே வெறும் பிசின்தான். குழாய்கள் தொடர் வலையாகப் பின்னினால்தான் மின்னோட்டம் கடக்கும். நன்றாகப் பரவிவிட்டால் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவே போதும். மேலும் மேலும் தூள் கொட்டினால் பிசின் களியாகி, குமிழி உள்ளேயே நின்றுவிடும். காசும் வீண்.

அடுத்த தடவை தூளை அசிட்டோனில் போட்டு, மூடிய போத்தலோடு மூக்குக்கண்ணாடி கழுவும் மீயொலித் தொட்டித் தண்ணீரில் வைத்தேன். அளவுக்கு மிஞ்சி அதிரவிட்டால் குழாய்களே உடையும். அப்புறம் பிசினைக் கலந்து, அசிட்டோன் முழுதும் ஆவியாகும்வரை காற்றோட்டத்தில் கிளறி, கடைசியில்தான் பிசினை இறுகவைக்கும் ஹாட்னர். தூளைத் தொடும்போது முகக்கவசம் கட்டாயம்.

சரி, அப்போதும் மீட்டர் அசையவில்லை. மேலே படிந்த பிசின் தோலை உப்புத்தாளால் உரசி, மின்வேலை செய்பவரிடம் மெகரை, அதாவது மிகப் பெரிய மின்தடையை அளக்கும் கருவியை, வாங்கி அளந்தேன். மேசைத் தகட்டுக்குத் தேவையான மின்தடை 10 லட்சம் முதல் 100 கோடி ஓம் வரைதான். சாதாரண மீட்டருக்கு அதில் பெரும்பகுதி எட்டாது. அளவு உள்ளே விழுந்தது. ஒரு மூலையை 1 மெகா ஓம் தடை வழியே எர்த்தில் கட்டிவிட்டேன்.